தண்டனை நீங்கினால் இழிவு நீங்குமா?

சென்ற பருவத்தில் நம் மன்றத்தில் நடந்த சொற்போரை நண்பர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். ‘விபசாரத்தைச் சட்டபூர்வமாக்கினால் கொடுமையும் இழிவும் குறையுமா?’ என்பது அன்றைய பொருள். ‘குறையும்’ என்று பேசிய அணியில் நானும் இருந்தேன். ‘உரிமம் வழங்குங்கள், மாதந்தோறும் மருத்துவச் சோதனை செய்யுங்கள், வரியும் வாங்குங்கள். இதுவும் ஒரு தொழில் என்று சட்டம் ஏற்றுக்கொண்டால், சமுதாயமும் நாளடைவில் ஏற்றுக்கொள்ளும்’ என்று முழங்கினேன். கைதட்டல் பலமாகவே இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, பின் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். இந்நகரில் பாலியல் தொழிலாளிகளிடையே எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்பவர் அவர். முன்னாளில் தாமும் அத்தொழிலில் இருந்தவர். பேச்சு நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. “நல்லாத்தான் பேசுன மக்களே. ஒண்ணு கேக்கட்டா? அந்த லைசென்ஸ் சீட்ட நான் எங்க கொண்டு வைப்பேன்? எம் பையன் கண்ணுல படாம வைக்கதுக்கு வீட்டுல ஒரு எடம் சொல்லு பாப்போம்” என்றார்.

“யோசிச்சுச் சொல்றேன், அக்கா” என்று மட்டுமே என்னால் கூற முடிந்தது. அன்று கிடைத்த கைதட்டலைவிட அந்தக் கேள்வியே என் மனத்தில் நின்றது. அதன் பிறகு சில மாதங்களாகச் சட்டநூல்களையும், தீர்ப்புகளையும், பிற நாட்டு ஆய்வுகளையும் படித்தேன். படித்ததில் தெளிந்தவற்றை இங்கு எழுதுகிறேன். அன்று நான் பேசியதில் பாதி தவறு என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரு சொல்லில் இரண்டு பொருள்

‘சட்டபூர்வமாக்குதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு கருத்துகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, தண்டனையை நீக்குதல். அதாவது, வயது வந்த ஒருத்தி தன் விருப்பத்தால் இத்தொழில் செய்தால் அதற்காக அவளைப் பிடிப்பதும் அபராதம் விதிப்பதும் அடைத்து வைப்பதும் கூடாது என்பது. மற்றொன்று, உரிமம் வழங்குதல். அதாவது, அரசாங்கம் அவளைப் பதிவேட்டில் சேர்த்து, சீட்டுக் கொடுத்து, இன்ன இடத்தில், இன்ன நிபந்தனையோடு தொழில் செய்க என்று விதிப்பது. முன்னது சட்டம் விலகி நிற்பது. பின்னது சட்டம் உள்ளே நுழைவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே அன்று நான் செய்த பிழை. மேடைகளில் நிகழும் சொற்போர்களிற் பல இந்தக் குழப்பத்தினாலேயே முடிவு காணாமற் போகின்றன.

நம் நாட்டுச் சட்டம் கூறுவது யாது?

‘இந்தியாவில் விபசாரம் குற்றம்’ என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. பெண்களை வைத்து நடத்தப்படும் வாணிகத்தை ஒழிக்கும் பொருட்டு 1950-இல் நியூயார்க்கில் கையெழுத்தான உலக உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1956-இல் நம் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. 1978-லும் 1986-லும் திருத்தப்பட்டு, விபசாரத் தடுப்புச் சட்டம் என்று பொதுவாக வழங்கப்படுவது அதுவே. ஒரு பெண் பணம் பெற்று உடலுறவு கொள்வதை இச்சட்டம் நேரடியாகக் குற்றம் என்று கூறவில்லை. ஆனால் அச்செயலைச் சுற்றியுள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது.

விடுதி நடத்துவது குற்றம். ஆள் பிடித்துக் கொடுப்பது குற்றம். அடைத்து வைப்பது குற்றம். இவை வேண்டற்பாலனவே. ஆயின் அச்சட்டம் இவற்றோடு நிற்கவில்லை. 7-ஆம் பிரிவின்படி, வழிபாட்டிடம், கல்விக்கூடம், மருத்துவமனை முதலியவற்றிலிருந்து 200 மீட்டர் தொலைவுக்குள் இத்தொழில் நடந்தால் குற்றம். நம் பாளையம் சந்திப்பை நினைத்துப் பாருங்கள். பள்ளிவாசலும், தேவாலயமும், பிள்ளையார் கோயிலும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. சற்றே நடந்தால் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும். நம் நகரங்களில் இவ்வெல்லைக்குள் அடங்காத தெரு எத்தனை உண்டு?

8-ஆம் பிரிவு, பொது இடத்தில் அழைப்பதைக் குற்றமாக்குகிறது. இதிலே ஒரு வியப்பு உண்டு. முதன்முறை இக்குற்றம் செய்த பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் மூன்று மாதத்துக்கு மேல் விதிக்க முடியாது. 1986-இல் வந்த திருத்தத்தின் பயன் இது!

4-ஆம் பிரிவைப் பாருங்கள். பிறருடைய விபசார வருமானத்தைக் கொண்டு முழுமையாகவோ பகுதியாகவோ பிழைப்பவர், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவராயின், தண்டனைக்கு உரியவர். தரகனைப் பிடிக்கவே இது எழுதப்பட்டது. ஆனால் சொற்களை அப்படியே கொண்டால், தாயின் வருமானத்தில் கல்லூரியில் படிக்கும் மகனும், மகளின் வருமானத்தில் கஞ்சி குடிக்கும் முதிய தாயும் இதற்குள் வந்துவிடுகின்றனர். 17-ஆம் பிரிவு, மீட்கப்பட்ட பெண்ணை ஓராண்டுக்குக் குறையாமலும் மூன்றாண்டுக்கு மிகாமலும் காப்பகத்தில் வைக்க மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் அளிக்கிறது. ‘காப்பு’ என்று பெயரே தவிர, வெளியே வர விரும்பும் பெண்ணுக்கு அது சிறையினின்றும் எவ்வாறு வேறுபடும்?

கொடுமை எங்கிருந்து பிறக்கிறது?

கேரளத்தில் இத்தொழிலைப் பற்றித் தாமே எழுதிய பெண் நளினி ஜமீலா. 2005-இல் மலையாளத்தில் வெளிவந்த அவர்தம் வரலாறு தமிழிலும் வந்துள்ளது. திருச்சூர் மாவட்டத்தில் பிறந்து, சிறுவயதிலேயே களிமண் சுரங்கத்தில் கூலி வேலை செய்தவர் அவர். கணவன் இறந்தபின் குழந்தைகளை வளர்க்க நாள்தோறும் ஐந்து ரூபாய் தரவேண்டும் என்று மாமியார் கேட்டபோது, அந்தத் தொகை வேறெங்கும் கிடைக்காமையால் இத்தொழிலுக்கு வந்தார். தம்மிடம் முதலில் வந்தவர் ஒரு போலீஸ் அதிகாரி என்றும், மறுநாட் காலையில் தம்மைப் பிடித்து அடித்ததும் போலீசாரே என்றும் அவர் எழுதுகிறார். இரவில் வருபவரும் பகலில் அடிப்பவரும் ஒரே துறையினர் என்றால், அடிபட்டவள் யாரிடம் சென்று முறையிடுவாள்?

கொடுமையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒருவன் காசு கொடாமல் ஏமாற்றுகிறான், மற்றொருவன் அடிக்கிறான், இன்னொருவன் நண்பர்களையும் அழைத்து வந்துவிடுகிறான். வேறு எந்தத் தொழில் செய்பவரும் இந்நிலையில் காவல் நிலையம் செல்வர். இவளோ சென்றால், ‘நீ அங்கு என்ன செய்துகொண்டிருந்தாய்?’ என்ற முதற் கேள்வியிலேயே குற்றவாளியாகிறாள். அவள் முறையிட மாட்டாள் என்பது அடிப்பவனுக்கும் தெரியும். அந்தத் துணிவே அவன் கையை ஓங்கச் செய்கிறது.

இஃது என் ஊகம் மட்டுமன்று. 30-க்கு மேற்பட்ட நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, போலீசாரின் கெடுபிடிக்கு ஆளான பெண்கள் வன்முறைக்கு உள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்று கண்டது. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் 1980-இல் செய்த ஒரு சட்டத் திருத்தத்தினால், நான்கு சுவருக்குள் நடக்கும் இத்தொழிலுக்குத் தண்டனை இல்லாமற் போயிற்று. 2003-இல் நீதிமன்றம் எடுத்துக்காட்டிய பிறகே அது பலருக்கும் தெரிந்தது. 2009-இல் மீண்டும் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளை ஆராய்ந்த இரு பொருளியல் அறிஞர்கள், அம்மாநிலத்தில் பதிவான கற்பழிப்புக் குற்றங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடும், பெண்களிடையே மேகவெட்டை நோய் ஏறத்தாழ 40 விழுக்காடும் குறைந்தன என்று எழுதினர். ஆகவே, தண்டனையை நீக்கினால் கொடுமை குறையும் என்று கொள்வதற்குத் தக்க சான்று உண்டு.

உரிமச் சீட்டின் வரலாறு

இனி, உரிமம் வழங்குதலைப் பார்ப்போம். இது புதிய கருத்தன்று. நம் நாட்டிலேயே செய்து பார்த்துக் கைவிட்ட ஒன்று. ஆங்கிலேயப் படைவீரர்களிடையே மேகநோய் பரவியபோது, அரசாங்கம் 1868-இல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அது நடைமுறைக்கு வந்த ஊர்களில் பெண்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறித்த நாளில் மருத்துவச் சோதனைக்கு வரவேண்டும். நோய் கண்டால் பூட்டிய மருத்துவமனையில் இருக்க வேண்டும். வரத் தவறினால் தண்டனை. அவளிடம் வந்த ஆணுக்குச் சோதனை கிடையாது. கல்கத்தாவில் பெண்கள் பலர் பதிவுக்கு அஞ்சி ஊரை விட்டே ஓடினர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூருக்குச் சென்றோரும் உண்டு. இங்கிலாந்தில் இத்தகைய சட்டங்களை ஜோசபின் பட்லர் அம்மையார் எதிர்த்துப் போராடி, 1886-இல் நீக்கச் செய்தார். இந்தியாவில் 1888-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுச் சோதனையில் நோயும் ஒழியவில்லை. பதிவேட்டில் ஏறிய பெயர் அழியவும் இல்லை.

நம் காலத்தில் ஜெர்மனி இவ்வழியைக் கையாண்டது. 2002-இல் அந்நாடு இத்தொழிலை மற்ற ஒப்பந்தங்களுக்கு இணையாக்கியது. 2017-இல் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொண்டு சான்றிதழ் பெற வேண்டும் என்று விதித்தது. இத்தொழிலில் இருப்போர் சில இலட்சம் என்று நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்த அந்நாட்டில், 2019-ஆம் ஆண்டின் இறுதியில் பதிவேட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ 40,000 பேரே. மற்றவர்கள் எங்கே? அந்த அம்மையார் என்னிடம் கேட்ட கேள்விக்கு ஜெர்மானியப் பெண்களும் விடை காணவில்லை என்பதே பொருள். பதிவு செய்யாதவள் மீண்டும் சட்டத்துக்குப் புறம்பானவள் ஆகிறாள். அவளை மிரட்டுவதற்கு ஒரு புதிய காரணம் கிடைக்கிறது.

நியூசிலாந்து வேறு வழி சென்றது. 2003-இல், ஆதரவு 60, எதிர்ப்பு 59 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கு மிகுதியால் நிறைவேறிய சட்டம் அது. அங்கே தனிப்பட்ட பெண் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. சான்றிதழ் பெற வேண்டியவர் விடுதி நடத்துபவரே. தண்டனைக்கு அஞ்சாமல் அவள் போலீசாரிடமும் நீதிமன்றத்திடமும் செல்லலாம். 2008-இல் வெளியான மதிப்பீட்டில், விரும்பாத வாடிக்கையாளரை மறுக்க முன்னினும் எளிதாயிருக்கிறது என்று 60 விழுக்காட்டிற்கு மேற்பட்ட பெண்கள் கூறினர். தொழிலில் இருப்போர் தொகை பெருகவில்லை என்றும் அம்மதிப்பீடு கண்டது. 2014-இல், தம்மிடம் தகாத முறையில் பேசித் துன்புறுத்திய விடுதி நடத்துனர்மீது ஒரு பெண் வழக்குத் தொடுத்து 25,000 டாலர் இழப்பீடு பெற்றார். அவளும் ஒரு தொழிலாளி என்று அந்நாட்டு மன்றம் கருதியதன் பயன் அது. ஆனால் அதே 2008 மதிப்பீடு மற்றொன்றும் கூறிற்று: இழிவு மாறவில்லை, பெண்கள் இன்னும் தம் தொழிலை மறைத்தே வாழ்கின்றனர்.

வாங்குபவனைத் தண்டித்தால்?

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. விற்பவளை விட்டுவிட்டு வாங்குபவனைத் தண்டிப்பது அது. ஸ்வீடன் 1999-இல் இதைத் தொடங்கியது. வறுமையால் கொடுக்கும் இசைவு இசைவே ஆகாது. பணம் கொடுப்பவனே கொடுமைக்குக் காரணம் என்பது இவ்வழியினரின் வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஐந்து ரூபாய்க்காக இத்தொழிலுக்கு வந்த பெண்ணின் ‘விருப்பம்’ எத்தகையது என்று நாம் கேட்டே ஆகவேண்டும்.

கேரள உயர்நீதிமன்றமும் இத்திசையில் சில அடிகள் நடந்திருக்கிறது. 7-ஆம் பிரிவின்கீழ் வாடிக்கையாளரும் குற்றவாளியே என்று 2022-இல் ஒரு தீர்ப்பு வந்தது. 2025-இல், திருவனந்தபுரத்தில் பதிவான ஒரு வழக்கில், விடுதிக்குச் சென்று பணம் கொடுத்தவர் வெறும் வாடிக்கையாளர் ஆகார். பெண்ணை இத்தொழிலுக்குத் தூண்டியவராகவே கருதப்படுவார் என்று அம்மன்றம் கூறிற்று. பெண் ஒரு பண்டம் அல்லள் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

இந்த அறவுணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆனால் விளைவையும் பார்க்க வேண்டும் அல்லவா? 2010-இல் ஸ்வீடன் அரசாங்கமே செய்த மதிப்பீடு, தெருவில் நிற்கும் பெண்களின் தொகை பாதியாகக் குறைந்தது என்றது. அதோடு, தங்கள்மீதுள்ள இழிவு பெருகிவிட்டதாகப் பெண்கள் கூறுவதையும் பதிவு செய்தது. தொழிலை ஒழிப்பதே நோக்கமாதலால் அதனை நல்விளைவாகவே கொள்ளவேண்டும் என்றும் எழுதிற்று! இழிவைக் குறைப்பதே நம் நோக்கமானால், இவ்வழி நமக்கு உதவாது.

சட்டத்தைத் தளர்த்தினால் பெண் கடத்தல் பெருகும் என்ற அச்சம் மற்றொன்று. 2013-இல் மூன்று அறிஞர்கள் ஏறத்தாழ 150 நாடுகளை ஒப்பிட்டு, இத்தொழில் சட்டபூர்வமாக உள்ள நாடுகளுக்கு ஆட்கடத்தல் மிகுதியாக நிகழ்கிறது என்று எழுதினர். மறைவில் நடக்கும் குற்றத்தை அளப்பதில் உள்ள இடர்ப்பாட்டை அவர்களே ஒப்புக்கொண்டனர். எனினும் அந்த எச்சரிக்கையை நாம் கொள்ளத்தான் வேண்டும். கடத்துபவனையும், சிறுமியரை வைத்துப் பிழைப்பவனையும், அடைத்து வைப்பவனையும் தண்டிக்கும் பிரிவுகள் சிறிதும் தளரலாகாது. நான் நீக்கச் சொல்வது பெண்ணைத் தண்டிக்கும் பிரிவுகளை மட்டுமே.

சொல்லில் ஏறிய கறை

இழிவுக்கு வருவோம். சட்டம் மாறியும் இழிவு மாறாமைக்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டம், சுசீந்திரத்துக்கு அருகில். அக்கோயிலில் தேவதாசிகள் தொண்டு செய்துவந்தனர். திருவிதாங்கூரில் 1930-இல், சேது லட்சுமி பாயி மகாராணியார் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில், கோயில்களில் அம்முறை நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் 1927 முதல் போராடினார். 1947-இல் பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. அம்மரபிலேயே வாழ்ந்து வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதன் கொடுமைகளை எடுத்துரைத்து ஊர் ஊராகப் பேசினார். ‘எங்கள் எல்லாரையும் விபசாரிகள் என்று முத்திரை குத்தாதீர்கள்’ என்று அம்மரபினரில் வேறு சிலர் முறையிட்டதும் அக்காலத்திலேயே. ஒரு சாரார் கொடுமையைக் கண்டனர். மறு சாரார் முத்திரையைக் கண்டு அஞ்சினர். இருவர் கண்டதும் உண்மையே.

முறை ஒழிந்தது. கோயில்களில் பொட்டுக் கட்டும் வழக்கம் நம் பக்கத்தில் மறைந்து தலைமுறைகள் ஆகின்றன. ஆனால் அந்தப் பெயர் என்னவாயிற்று? ‘தேவரடியார்’ என்பது சோழர் கல்வெட்டுகளில் மதிப்போடு காணும் சொல். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொருவர் பெயரையும் வீட்டையும் கல்லில் வெட்டுவித்தான். அவ்வாறு அடியாரைக் குறித்த சொல்தான் இன்று நம் விடுதி அறைகளில், பரீட்சை வினாத்தாள் கடினமாயிருந்தாற்கூட வாயில் வரும் வசைச்சொல். முறையைச் சட்டம் ஒழித்தது. சொல்லை நாம் வைத்துக்கொண்டோம்.

இழிவு பெயரளவில் நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது நீதிமன்றத்திலும் நுழைந்தது. கற்பழிப்பு வழக்கில், முறையிட்ட பெண் பொதுவாக ஒழுக்கமற்றவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்கலாம் என்று நம் சாட்சியச் சட்டம் அனுமதித்திருந்தது. அந்த உட்பிரிவு நீக்கப்பட்டது 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். நீக்கிய பின்னும் மனம் மாறிற்றா? 1996-இல் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியைச் சேர்ந்த பதினாறு வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி கடத்தப்பட்டு, நாற்பது நாட்கள் பலரால் சீரழிக்கப்பட்டாள். தனி நீதிமன்றம் 35 பேரைத் தண்டித்தது. 2005-இல் உயர்நீதிமன்றம் அச்சிறுமியின் சொல்லை நம்பாமல், ஒருவரைத் தவிர ஏனையோரை விடுவித்தது. 2013-இல் உச்சநீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கி, மீண்டும் விசாரிக்குமாறு பணித்தது. 2014-இல் 24 பேரின் தண்டனை உறுதியாயிற்று. ஒரு பள்ளிச் சிறுமிமீதே ‘ஒழுக்கமற்றவள்’ என்ற நிழல் விழுந்தால், நியாயம் பெறப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. உண்மையிலேயே இத்தொழிலில் இருப்பவள் அடிபட்டு வந்து நின்றால், அவள் சொல்லை யார் கேட்பார்? ஆகவே இழிவும் கொடுமையும் இரண்டல்ல. இழிவே கொடுமைக்குக் காவலாக நிற்கிறது.

2022-ஆம் ஆண்டின் ஆணை

இந்நிலையில், 2022 மே 19-ஆம் நாள் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாம் கவனிக்க வேண்டியது. கல்கத்தாவில் 1999-இல் ஒரு பாலியல் தொழிலாளி கொலை செய்யப்பட்ட வழக்கிலிருந்து கிளைத்தது அது. ‘விபசாரம் சட்டபூர்வமாயிற்று’ என்று அப்போது பலர் கூறினர். அது தவறு. வயது வந்து, தன் விருப்பத்தால் தொழில் செய்பவள்மீது போலீசார் நடவடிக்கை எடுக்கலாகாது என்று நீதிமன்றம் அமைத்த குழு பரிந்துரைத்தது உண்மையே. ஆனால் மத்திய அரசாங்கம் தயக்கம் தெரிவித்த பரிந்துரைகளுள் அதுவும் ஒன்று. ஆதலால் அன்றைய ஆணையில் அது இடம்பெறவில்லை.

இடம்பெற்றவை யாவை? பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு, மற்றப் பெண்களுக்குரிய மருத்துவ உதவி முதலிய எல்லாம் அளிக்க வேண்டும். காப்பகங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டுள்ள வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க ஆவன செய்ய வேண்டும். போலீசார் மரியாதையோடு நடத்த வேண்டும். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாக்கலாகாது. பத்திரிகைகள் அவர்கள் முகத்தையும் பெயரையும் வெளியிடலாகாது. இவற்றோடு ஆதார் அட்டையும் வழங்க வேண்டும். முகவரிச் சான்று இல்லாவிடினும், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் போன்ற அதிகாரியின் சான்று போதும். ஆனால் அவள் இன்ன தொழில் செய்பவள் என்று காட்டும் எந்தக் குறியீடும் அந்த எண்ணில் இருக்கலாகாது.

இதைப் படித்தபோதுதான் அம்மையாரின் கேள்விக்கு விடை கண்டேன். உரிமச் சீட்டு அவளை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் தாள். ஆதாரும், ரேஷன் அட்டையும், வாக்காளர் அட்டையும் அவளை மற்றவர்களோடு சேர்க்கும் தாள்கள். அவளுக்கு வேண்டியது முன்னதன்று, பின்னவையே. கல்கத்தாவின் சோனாகாச்சிப் பெண்கள் 1995-இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தபோது, ‘இல்லத்தரசிகள்’ என்று எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று யோசனை கூறப்பட்டது. அவர்கள் மறுத்துப் பாலியல் தொழிலாளிகள் என்றே பதிவு செய்தனர். இது சீட்டுக்கு மாறுபட்டதன்றோ என்று சிலர் கேட்கலாம். மாறுபட்டதுதான். தன் பெயரைத் தானே கூடிநின்று சொல்லிக்கொள்வது வேறு. அரசாங்கம் அதைத் தாளில் எழுதித் தனியே ஒருத்தி கையில் திணிப்பது வேறு. முன்னது தலைநிமிர்வு, பின்னது முத்திரை.

முடிவுரை

எனவே, சொற்போரின் வினாவுக்கு இன்று நான் கூறும் விடை இது. பெண்ணைத் தண்டிக்கும் பிரிவுகளை நீக்கினால் கொடுமை குறையும். உரிமமும் பதிவேடும் கொண்டுவந்தால் கொடுமை இடம் மாறும், இழிவு பெருகும். எந்தச் சட்டமும் தனித்து நின்று இழிவை நீக்காது. சட்டம் செய்யக்கூடியது, தானே இழிவை உண்டாக்காமல் விலகி நிற்பதும், எல்லாருக்கும் உரிய தாள்களையும் பாதுகாப்பையும் அவளுக்கும் மறுக்காமல் அளிப்பதுமே. ஐந்து ரூபாய்க்கு வேறு வழி இருந்திருக்க வேண்டும் என்பது அதற்கும் முற்பட்ட கடமை.

எஞ்சியது நம்மிடம் உள்ளது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதலாண்டில், ஊருக்குச் செல்லும் இரவுகளில், தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில் நண்பர்களோடு நிற்பேன். தூணோரம் தனியே நிற்கும் பெண்ணைக் கண்டு கண்ணைக் காட்டிச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அவள் யாராயிருப்பாள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பேருந்துக்குக் காத்திருந்த செவிலியாகவும் இருந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அந்தச் சிரிப்புக்கு எங்களுக்கு உரிமை இல்லை. எந்தப் பாராளுமன்றமும் அந்தச் சிரிப்பைத் தடுக்கச் சட்டம் செய்ய முடியாது. நாமே நிறுத்தலாம்.

அம்மையாரைச் சென்ற வாரம் மீண்டும் சந்தித்தேன். “சீட்டு வேண்டாம், அக்கா. நான் சொன்னது தப்பு” என்றேன். அவர் சிரித்தார். “சரி மக்களே. எனக்க கூட உள்ள ரெண்டு பேருக்கு ரேஷன் கார்டு இல்ல. பாரம் நிரப்பத் தெரிஞ்ச பிள்ளைகள் யாராவது உண்டுமா?” என்று கேட்டார். நம் மன்றத்து நண்பர்கள் இருவர் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இன்னும் சிலர் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.